ரெட் ஒயினுக்கு மட்டும் ஏன் தலை வலிக்கிறது?

கேட்டவருக்கு 41 வயது. பீரும் விஸ்கியும் அவரை ஒன்றும் செய்வதில்லை. ரெட் ஒயின் ஒரு கிளாஸ் உள்ளே போனால் மட்டும் முக்கால் மணி நேரத்தில் நெற்றிப்பொட்டு விண் விண்ணென்று தெறிக்க ஆரம்பிக்கிறது. நண்பர்கள் ‘எல்லாம் சல்பைட் பண்ணும் வேலை’ என்கிறார்கள். சல்பைட் சேர்க்காத ஒயின் என்று ஒன்று ஏறக்குறைய இரட்டை விலைக்குக் கிடைக்கிறதாம், அதை வாங்கினால் சரியாகுமா என்கிறார். கூடவே ஒரு கேள்வி: “நீங்க என்ன குடிப்பீங்க?”

முதலில் காசு விஷயம்: வாங்காதீர்கள். மற்றதற்குக் கொஞ்சம் நீட்டிப் பதில் சொல்ல வேண்டும். 22 வருஷம் மருந்தியல் பாடம் நடத்தியவன் நான். அதைவிடப் பெரிய தகுதி, எனக்கும் இதே தலைவலி உண்டு.

‘ஒயின்’ என்று நான் சொல்வது திராட்சையைப் புளிக்கவைத்து எடுப்பதைத்தான். நம்மூரில் இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருமுனை ‘ஒயின் ஷாப்’பில் போய் ஒயின் கேட்டுப் பாருங்கள், ஏற இறங்கப் பார்ப்பார்கள். பெயரில் மட்டும் ஒயின், கல்லாவில் பிராந்தி.

அடுத்து, உங்களுக்கு வருவது எந்தத் தலைவலி என்று பார்க்க வேண்டும். ராத்திரி முழுக்கக் குடித்துவிட்டு மறுநாள் காலையில் தலையைத் தூக்க முடியாமல் கிடப்பது ஹேங்ஓவர். அது எந்தச் சரக்குக்கும் வரும், அளவைப் பொறுத்தது. தலைவலிகளை வகைப்படுத்தும் சர்வதேசப் பட்டியல் அதைத் தனி இனமாக வைத்திருக்கிறது: குடித்து 5 முதல் 12 மணி நேரத்துக்குள் வருவது. குடித்து 3 மணி நேரத்துக்குள் வருவது வேறு இனம். உங்களுடையது இரண்டாவது. ஒரு கிளாஸிலேயே, அதுவும் முக்கால் மணியில் வருகிறது என்றால் ‘உடம்பில் தண்ணீர் வற்றிவிட்டது, நிறையத் தண்ணீர் குடி’ என்கிற வைத்தியம் இங்கே பொருந்தாது. 150 மில்லி ஒயின் அவ்வளவு சீக்கிரம் ஒருவரை வற்றவைக்காது.

இனி சல்பைட். கந்தக டை ஆக்சைடும் அதன் உப்புகளும்தான் இது. ஒயின் கெட்டுப் போகாமலும் நிறம் மங்காமலும் இருக்கச் சேர்க்கிறார்கள். ஈஸ்ட் தானாகவே கொஞ்சம் உண்டாக்கும், அதனால் ‘சல்பைட்டே இல்லாத ஒயின்’ என்று பெரும்பாலும் ஒன்று கிடையாது. சேர்க்கும் அளவைப் பாருங்கள். ஐரோப்பியச் சட்டம் இனிப்பில்லாத சிவப்பு ஒயினுக்கு லிட்டருக்கு 150 மில்லிகிராம் வரை அனுமதிக்கிறது, வெள்ளைக்கு 200. வெள்ளைக்குத்தான் கூடுதல்! சிவப்புக்குத் திராட்சைத் தோலே பாதி காவல் காக்கும், வெள்ளைக்கு அந்தத் துணை இல்லை. சல்பைட்தான் குற்றவாளி என்றால் வெள்ளை ஒயின் குடித்தவர்கள் அல்லவா முதலில் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டும்?

இதற்கு மலிவான சோதனை ஒன்று உண்டு. கந்தகப் புகை காட்டிய பொன்னிற உலர்திராட்சையோ, பளீரென்ற ஆரஞ்சு நிற உலர் ஆப்ரிகாட்டோ ஒரு கைப்பிடி தின்று பாருங்கள். அதில் இருக்கும் சல்பைட் ஒரு கிளாஸ் ஒயினில் இருப்பதற்குக் குறையாது, பெரும்பாலும் அதிகமாகவே இருக்கும். பாயசத்து முந்திரி திராட்சைக்கு உங்களுக்குத் தலை வலித்திருக்கிறதா? ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். ஆஸ்துமா உள்ளவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு சல்பைட் நிஜமாகவே ஆகாது. அவர்களுக்கு வருவது இழுப்பு, மூச்சுத்திணறல். அவர்கள் இந்தச் சோதனை பக்கமே போக வேண்டாம்.

பிறகு எப்படி சல்பைட் தலையில் பழி விழுந்தது? லேபிளில் அதன் பெயர் இருக்கிறது, அவ்வளவுதான். 1980-களின் கடைசியில் அமெரிக்கா ‘சல்பைட் உள்ளது’ என்று பாட்டிலில் அச்சிடச் சொன்னது. படித்தவர்கள் பயந்தார்கள். ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போய் ‘அங்கே குடித்தால் வலிப்பதே இல்லை, அவர்கள் சல்பைட் போடுவதில்லை’ என்று திரும்பி வந்து சொன்னவர்கள் ஏராளம். ஐரோப்பாவில் அந்த வாசகம் கட்டாயமானது 2005-இல்தான். அதுவரை சல்பைட் உள்ளே இருந்தது, எழுத்து மட்டும் வெளியே இல்லை.

அடுத்த சந்தேகம் டானின், அதாவது துவர்ப்பு. சிவப்பு ஒயின் நாக்கை உலரவைப்பது இதனால்தான். கடுந்தேநீரிலும் இது உண்டு, கொட்டைப்பாக்கிலும் உண்டு. ஒரு நாளைக்கு ஆறு டீ குடிப்பவருக்கு டானினால் தலைவலி என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. விட்டுவிடலாம்.

ஒவ்வாமையின்போது நம் உடம்பே சுரக்கும் பொருளான ஹிஸ்டமினை அவ்வளவு லேசாக விட முடியாது. வெள்ளையைவிடச் சிவப்பில் இது அதிகம். சிவப்பு ஒயினில் ஈஸ்ட் வேலை முடிந்ததும் பாக்டீரியாவை விட்டு இரண்டாவது முறை பதப்படுத்துவார்கள், அப்போது உண்டாகும் உபரி இது. நம் குடலில் இதைச் சிதைக்க ஒரு நொதி இருக்கிறது, சிலருக்கு அது குறைவு. சாராயச் சத்து (ஆல்கஹால்) வேறு அதன் கையைக் கட்டிப்போடும். கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒயின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கே ஹிஸ்டமின் கூடியதையும் குறைந்ததையும் எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்த்த சோதனையில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஹிஸ்டமின்தானா என்று உங்கள் உடம்பைக் கேட்க வேறு வழி இருக்கிறது. பழசாகிப்போன கானாங்கெளுத்தி மீனைத் தின்றால் சிலருக்கு முகம் சிவந்து, தோல் தடித்து, அரிப்பெடுக்கும். அது ஹிஸ்டமின் வேலை. ஒயின் குடித்ததும் மூக்கடைப்பு, தும்மல், முகத்தில் திட்டுத் திட்டாகச் சிவப்பு என்று தலைவலியோடு சேர்ந்து வந்தால் இதைச் சந்தேகிக்கலாம். நெற்றிப்பொட்டு மட்டும் தெறிக்கிறது என்றால் வேறிடத்தில் தேட வேண்டும்.

‘எல்லாம் மனப்பிரமை’ என்பவர்களுக்காக ஒன்று. 1988-இல் லண்டன் மருத்துவர்கள் சிலர், சிவப்பு ஒயின் தங்களுக்கு ஒற்றைத் தலைவலி வரவைக்கிறது என்று நம்பிய நோயாளிகளை அழைத்தார்கள். சிலருக்குச் சிவப்பு ஒயின், சிலருக்கு அதே சாராய அளவில் கலந்த வோட்கா. நிறமும் ருசியும் தெரியக்கூடாது என்று நன்றாகக் குளிரவைத்து, கறுத்த பாட்டிலில் கொடுத்தார்கள். ஒயின் குடித்த 11 பேரில் 9 பேருக்குத் தலைவலி வந்தது. வோட்கா குடித்த 8 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. சின்னக் கூட்டம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இரண்டு விஷயம் தெரிந்துபோனது. வலி நிஜம். சாராயம் மட்டும் காரணமில்லை, சிவப்பு ஒயினுக்குள் கூட்டாளி ஒருவன் இருக்கிறான்.

அந்தக் கூட்டாளியைப் பிடிக்க, சாராயம் நம் உடம்பில் எப்படிச் செலவாகிறது என்று தெரிய வேண்டும். கல்லீரல் அதை முதலில் அசிட்டால்டிஹைடு என்கிற பொருளாக மாற்றுகிறது. இது விஷம். முகம் சிவப்பது, நெஞ்சு படபடப்பது, குமட்டல், தலைவலி எல்லாம் இதன் கைங்கரியம். நல்ல வேளையாக ஏஎல்டிஎச் 2 என்ற நொதி உடனே அதைப் பிடித்து, தீங்கில்லாத அசிட்டேட்டாக மாற்றி அனுப்பிவிடும். வாசலில் வரும் குப்பையை அப்போதைக்கப்போதே அள்ளிப்போகும் வண்டி மாதிரி. வண்டி நின்றால் தெரு நாறும்.

வண்டி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு உலகத்தில் இரண்டு நல்ல சாட்சிகள் உண்டு. ஒன்று, கிழக்காசியா. சீனா, ஜப்பான், கொரியாவில் மூன்றில் ஒருவருக்கு மேல் இந்த நொதி பிறவியிலேயே சோம்பேறி. ஒரு கோப்பை குடித்ததும் முகம் செக்கச் செவேலென்று ஆகிவிடும். நம் பக்கத்தில் அந்த மரபணு அரிது. இரண்டாவது சாட்சி டைசல்ஃபிராம் என்கிற மருந்து. 1930-களிலேயே ரப்பர் ஆலைகளில் இந்த வகை ரசாயனத்தோடு வேலை செய்தவர்கள் குடித்தால் உடம்புக்கு முடியாமல் போவதைக் கவனித்திருக்கிறார்கள். 1940-களில் டென்மார்க்கில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைக் குடற்புழு மருந்தாக ஆராய்ந்தார்கள். தாங்களே விழுங்கிப் பார்த்தார்கள். பிறகு வழக்கம்போல் ஒரு மடக்கு மது குடித்தபோது முகம் சிவந்து, தலை வலித்து, குமட்டியது. மாத்திரை அந்த நொதியை அடைத்துவிட்டிருந்தது. 1948-இல் அது குடியை நிறுத்தும் மருந்தாக வெளியே வந்தது.

கதையை விட்டு ஒரு நிமிஷம் விலகுகிறேன். நம்மூரில் ‘குடிப்பவருக்குத் தெரியாமல் சாப்பாட்டில் கலந்து கொடுங்கள்’ என்று விற்கும் பொடிகளையும் மாத்திரைகளையும் பார்த்திருப்பீர்கள். சிலவற்றில் இருப்பது டைசல்ஃபிராம்தான். சாம்பாரில் கலந்து கொடுத்துவிட்டு, விஷயம் தெரியாத மனிதர் மாலையில் ஒரு குவார்ட்டர் போட்டால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் மேற்பார்வையில், எடுத்துக்கொள்பவரின் சம்மதத்தோடு மட்டுமே கொடுக்க வேண்டிய மருந்து இது. தெரியாமல் கொடுப்பது வைத்தியமே இல்லை.

இனி ஒயினுக்கு வருவோம். 2023 நவம்பரில் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழகத்து ஒயின் வேதியியலாளர் ஆண்ட்ரூ வாட்டர்ஹவுஸும் அவர் குழுவினரும், கூடவே சான் பிரான்சிஸ்கோவின் தலைவலி நிபுணர் ஒருவரும் சேர்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அவர்கள் கைகாட்டிய ஆள் குவர்செட்டின். திராட்சைத் தோலில் இருக்கும் பொருள். வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ளத் திராட்சை பூசிக்கொள்ளும் குடை என்று வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஒயினைத் தோலோடு புளிக்கவைப்பார்கள், வெள்ளைக்கு முதலிலேயே பிழிந்து தோலை எடுத்துவிடுவார்கள். அதனால் சிவப்பில் இது பல மடங்கு. உள்ளே போனதும் நம் உடம்பு குவர்செட்டினை குளுக்குரோனைடு என்கிற வடிவத்துக்கு மாற்றுகிறது. சோதனைக் குழாயில் அந்த வடிவம் ஏஎல்டிஎச் 2 நொதியின் வேலையைப் பெருமளவு தடுத்துவிட்டது. குப்பை வண்டிக்கு முன்னால் கல்லைப் போட்ட மாதிரி.

‘குவர்செட்டினா? அது உடம்புக்கு நல்லது என்றல்லவா படித்தேன்’ என்பீர்கள். நல்லதுதான். நம் வீட்டுச் சின்ன வெங்காயத்தில் அது தாராளம். ஆனால் வெங்காய சாம்பார் சாப்பிடும்போது அள்ள வேண்டிய குப்பை எதுவும் இல்லை, வண்டி நின்றால் என்ன, ஓடினால் என்ன. ஒயினில்தான் குப்பையும் கல்லும் ஒரே கிளாஸில் வருகின்றன.

இது இன்னும் கருதுகோள்தான். கண்ணாடிக் குழாயில் நடந்தது மனிதத் தலைக்குள் அப்படியே நடக்கிறது என்று நிரூபிக்கத் தனியே சோதனை வேண்டும். ஒருவருக்கு வலித்து, பக்கத்து நாற்காலிக்காரருக்கு வலிக்காதது ஏன் என்பதும் இதில் முழுசாக அடங்கவில்லை. ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு மூளையின் உறைகளைச் சுற்றியுள்ள நரம்புகள் ஏற்கெனவே சுருக்கென்று எழும் ரகம், அவர்களுக்குச் சிறு தூண்டுதல் போதும். ஆனாலும் இதுவரை வந்த விளக்கங்களில் எனக்கு மனசுக்கு ஒப்பியது இதுதான். லண்டன் சோதனையோடும் பொருந்துகிறது, வெள்ளை தப்பிப்பதோடும் பொருந்துகிறது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. குவர்செட்டின் வெயிலுக்குக் கூடும். கலிபோர்னியாவின் நாப்பா பள்ளத்தாக்கில், கேபர்னே என்ற சிவப்பு ஒயின் திராட்சை வளரும் விலையுயர்ந்த தோட்டங்களில் இலையைக் கிள்ளிவிட்டுக் குலைகளை வெயிலில் காயவிடுவார்கள். அப்படி வளர்ந்த திராட்சையில் நான்கைந்து மடங்கு வரை அதிகம் இருக்கலாம் என்கிறார்கள். கணக்கு சரியென்றால் கூடுதல் காசு கொடுத்து வாங்கும் பாட்டில்தான் கூடுதலாக வலிக்க வேண்டும்! சல்பைட் இல்லாததற்கு இரட்டை விலை கொடுக்காதீர்கள் என்று முதலிலேயே சொன்னது இதற்கும்தான்.

‘விஸ்கிக்கும் பிராந்திக்கும் வலிக்கவில்லையே’ என்பதற்கும் ஒரு பதில் பாக்கி. இங்கே கிடைக்கும் பிராந்தி, ரம், விஸ்கியில் பெரும்பகுதி கரும்பு மொலாசஸில் வடித்த சுத்தச் சாராயத்தை அடிப்படையாகக் கொண்டது. நிறமும் மணமும் பிறகு வந்து சேர்பவை. பிராந்தி என்றால் பிரான்ஸில் திராட்சை ஒயினை வடித்தெடுப்பது. நம்மூர் பிராந்தியில் பல திராட்சையைக் கண்ணால் கண்டதில்லை. லண்டன்காரர்கள் ஒப்பிட்ட வோட்காவுக்கு அது நெருங்கிய சொந்தம். தலைவலிக்கூட்டாளி அதில் இருக்க வழியில்லை.

அளவையும் பார்த்துவிடுங்கள். 750 மில்லி ஒயின் பாட்டிலில், 13.5 சதவீதம் என்றால், சுமார் 101 மில்லி சுத்த சாராயம். 60 மில்லி லார்ஜ் விஸ்கியில் 42.8 சதவீதத்துக்கு 25.7 மில்லி. ஆக ஒரு பாட்டில் ஒயின், நான்கு லார்ஜ். ‘ஒயின்தானே, ஜூஸ் மாதிரி’ என்று இரண்டு பேர் பாட்டிலைக் காலி செய்தால் ஆளுக்கு இரண்டு லார்ஜ் போயிருக்கிறது. கிறிஸ்துமஸுக்குச் சர்க்கரை, பட்டை, கிராம்பு போட்டு வீட்டில் செய்யும் ஒயினும், கோவாவிலிருந்து வரும் இனிப்பான போர்ட் ஒயினும் இந்த விஷயத்தில் இன்னும் மோசம். இனிப்பு அளவை மறைத்துவிடும். ஒன்றுமே சாப்பிடாமல் கல்யாண ரிசப்ஷனில் போய் நின்றுகொண்டே குடித்தால் சொல்லவே வேண்டாம்.

எனக்கு எது வலிக்கிறது என்று கண்டுபிடிக்க நான் செய்ததைச் சொல்கிறேன். புதுச்சேரியில் நண்பர் வீட்டு விருந்தில் அரை கிளாஸ் கேபர்னேவுக்கே படுத்துவிட்ட பிறகு, ‘இதை ஒரு கை பார்த்துவிடுவோம்’ என்று தோன்றியது. ஆறு சனிக்கிழமை. எட்டு மணிக்குச் சாப்பாடு முடிந்து, மூடி போட்ட எவர்சில்வர் டம்ளரில் ஸ்ட்ரா. உள்ளே ஒன்று 150 மில்லி கேபர்னே, மகாராஷ்டிராவின் நாசிக்கில் செய்தது, அல்லது 47 மில்லி வோட்காவும் கம்பம் பன்னீர் திராட்சைச் சாறும் கலந்த 150 மில்லி. இரண்டிலும் சாராயம் 20 மில்லிதான். எது என்று நாணயம் சுண்டித் தீர்மானித்தது என் மனைவி. ஃபிரிட்ஜில் நன்றாகக் குளிரவைத்தோம். காலண்டரின் பின்பக்கத்தில் அவள் தன் குறிப்பை எழுதி மடித்து ஒட்டிவைத்தாள், நான் தலைவலியின் நேரத்தை முன்பக்கத்தில் எழுதினேன்.

ஆறாவது வாரம் பிரித்துப் பார்த்தோம். ஒயின் மூன்று முறை, அதில் இரண்டு முறை வலி. ஒன்று 40 நிமிஷத்தில், இன்னொன்று ஒரு மணி தாண்டி. வோட்கா மூன்று முறை, வலி இல்லை. இல்லை என்று சொன்னாலும், ஒரு வோட்கா இரவில் ‘இது நிச்சயம் ஒயின்’ என்று நானாக முடிவுகட்டி, தலை கனக்கிறது என்று எழுதிவைத்து, அரை மணியில் மறந்து தூங்கியிருக்கிறேன். மனசும் ஒரு பங்கு சேர்க்கிறது. பன்னீர் திராட்சைச் சாற்றிலும் தோல் சமாச்சாரம் கொஞ்சம் இருக்குமே என்பது பிறகுதான் உறைத்தது. “இவ்வளவு வருஷம் பாடம் நடத்திட்டு இது தெரியலையா?” என்றாள் மனைவி. பத்தாம் வகுப்பு தரத்துப் பரிசோதனைதான். ஆனாலும் நண்பர்களின் ஊகத்தைவிட அந்தக் காலண்டரை நம்புகிறேன். நீங்கள் செய்வதாக இருந்தால் வெள்ளை ஒயினையும் மூன்றாவதாகச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஒரு நாளைக்கு ஒன்றுதான்.

வலிக்கு முன்கூட்டியே பாராசிட்டமால் போட்டுக்கொண்டு குடிக்கும் பழக்கம் சிலரிடம் உண்டு. சாராயமும் அதுவும் கல்லீரலின் ஒரே வாசலில் நெரிசல் பண்ணும், வேண்டாம். வயிற்றுப்போக்குக்கோ பல்லுக்கோ மெட்ரோனிடசோல் என்கிற கிருமிக்கொல்லி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், அது முடிந்து இரண்டு மூன்று நாள் ஆகும்வரை எந்த மதுவும் வேண்டாம் என்றுதான் மருத்துவர்கள் சொல்வார்கள். குடிக்காத நாளிலும் இதே வலி வந்தாலோ, திடீரென்று வாழ்க்கையில் காணாத இடியாக இறங்கினாலோ, கண் மங்கி, கை கால் மரத்துப்போனாலோ ஒயினைக் குற்றம் சொல்லிக்கொண்டு உட்காராமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

நான் என்ன குடிப்பேன் என்று கேட்டீர்கள். மார்கழி, தை மாதத்தில் எப்போதாவது ஒரு கிளாஸ் நாசிக் வெள்ளை, ஐஸ் வாளியில் வைத்து. பாலக்காட்டுப் பக்கம் போனால் காலைக் கள், புளிப்பதற்கு முன்னால். தமிழ்நாட்டில் 1987-இலிருந்து கள்ளுக்குத் தடை, அதனால் எல்லை தாண்டினால்தான். வேறு நாளில் ஃபில்டர் காபி. விருந்தாளிகள் கொண்டுவரும் ரெட் ஒயினை நன்றி சொல்லி வாங்கி, அவர்களுக்கே ஊற்றிவிடுவேன், அதுவும் அரை மணி ஃபிரிட்ஜில் வைத்து. ‘அறை வெப்பநிலையில் பரிமாறவும்’ என்று லேபிளில் எழுதியவர் மனசில் இருந்தது ஐரோப்பாவின் கல்வீடு, 17, 18 டிகிரி. சென்னையில் மே மாதத்து அறை 33. பாட்டிலில் மிஞ்சுவது மறுநாள் மட்டன் குழம்பில் போகும், நன்றாகக் கொதிக்கவிட்டால் சாராயம் பெரும்பகுதி ஆவியாகிவிடும். அந்தக் குழம்புக்கு இதுவரை எனக்குத் தலை வலித்ததில்லை.